தாவரவியல் படித்த அக்காவுக்கு, ஆபீஸ் ஜன்னலின் உள்ளேயிருந்து

எனக்கு முன்னால் படித்து, எனக்கு முன்னால் போய்விட்ட என் பிரியமான அக்காவுக்கு,

பொகவந்தலாவையில் இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து பெய்த மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. உன்னிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நான் இங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்னதுரையாகிவிட்டேன், அதாவது உதவி மெனேஜர். சிரிக்காதே, உண்மைதான். மேட்டில் இருக்கும் பெரிய பங்களாவில் பெரியதுரை. அதற்குக் கீழே உள்ள சின்ன பங்களாவில் உன் தம்பி. நாம் எல்லாரும் படுத்து எழுந்த லிந்துலை லயத்து ஒற்றைக் காம்பராவைவிட இந்த பங்களாவின் குளியலறை பெரியது. முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

இதை உனக்கு மட்டும் எழுதி மடித்து வைத்திருக்கலாம். எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஏனென்றால் அந்தக் கேள்வியை உன்னிடம் எல்லாரும்தான் கேட்டார்கள். செடி கொடி படித்தவளுக்கு எதற்கு நிர்வாகப் படிப்பு? தாவரவியலில் பட்டம் வாங்கிவிட்டாய், ஸ்கூலில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாய், கல்யாண வயதும் வந்துவிட்டது. இதற்கு மேல் சனி ஞாயிறு கொழும்புக்குப் போய் என்ன எம்பிஏ?

நீ ஆளுக்கொரு பதில் வைத்திருந்தாய். அம்மாவுக்கு, "ஏசி ரூம்புல வேல கெடைக்கும்மா, ஒன்னைய மலைக்கு அனுப்பாம வச்சிக்குவேன்." அதிபருக்கு, "பதவி உயர்வுக்கு உதவும் சேர்." வழியில் மறித்த தொழிற்சங்கத் தலைவருக்கு, "ஒங்களுக்குப் பெறகு கேள்வி கேக்க ஒரு ஆள் வேணாமா தலைவரே?" அவர் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு உனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

நான் கேட்டபோது என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "பூகோளம் படிச்சிட்டு லிந்துலைக்கு வழி தெரியாம நிக்கிறவன். ஒனக்கு நான் என்னாத்த சொல்ல." நானும் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். திரும்பக் கேட்கவில்லை. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பேன். உனக்கும் எனக்கும் அப்புறம் என்று ஒன்று இருப்பதாகத்தானே அப்போது பட்டது.

பரீட்சை நெருங்கும்போது கொழும்பு அறையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. "சும்மா காச்சதான்டா, எழுதி முடிச்சிட்டு வந்திர்றேன்" என்று போனில் சொன்னாய். டெங்கு உன் பரீட்சை முடியும்வரை காத்திருக்கவில்லை. மலையில் குளிரில் வளர்ந்த நமக்கு நுளம்பைப் பற்றி என்ன தெரியும்? உன்னைத் தலவாக்கலை வழியாகக் கொண்டுவந்தபோது மூடுபனியில் முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

உன் கருமாதிக்கு உன் வகுப்பிலிருந்து இஷாரா வந்தாள். வீதி போடும் என்ஜினியர் என்று நீ சொல்வாயே, அவள்தான். லயத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் சிங்களத்தில் சொன்னாள், நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். முதல் நாள் வகுப்பில் விரிவுரையாளர் ஒவ்வொருவராக எழுப்பி, உங்கள் துறையை விட்டு ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டாராம். வீதியை நான் போடுகிறேன், எங்கே போடுவது என்று முடிவெடுப்பவர் வேறு ஆள் என்றாளாம் இஷாரா. வார்டில் எத்தனை கட்டில் என்பதைக்கூடத் தன்னால் சொல்ல முடிவதில்லை என்றாராம் ஒரு டாக்டர். பௌதிகம் படித்த பையன், "வேலை கிடைக்கவில்லை சேர், வேறென்ன" என்றானாம். வகுப்பே சிரித்ததாம்.

நீ எழுந்து சொன்னது இது: "எங்கள் தோட்டத்து ஆபீசில் ஒரு ஜன்னல் இருக்கிறது. அதற்கு வெளியே நின்று பேசி அலுத்துவிட்டது. உள்ளேயிருந்து பேசிப் பார்க்க வந்தேன்."

யாரும் சிரிக்கவில்லையாம். பாதிப் பேருக்கு விளங்கவில்லை என்றாள் இஷாரா. எனக்கு விளங்கியது. தோட்டத்தில் பிறந்த எவருக்கும் விளங்கும். வாரத்தில் ஒரு நாள் பின்னேரம் ஆபீசுக்கு முன்னால் நம் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கூரைத் தகரம் பறந்துவிட்டது, வேலைக்குப் பெயர் பதியவில்லை, பிள்ளைக்குச் சுகமில்லை, லொறி வேண்டும், என்று ஒவ்வொருவராக ஜன்னலுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். உள்ளே நாற்காலி இருக்கிறது. கதவும் இருக்கிறது. ஆனால் கதவு வழியாக யாரும் போவதில்லை. போகக்கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதத் தேவை இருந்ததில்லை.

இஷாரா போன பிறகுதான் அம்மா மிச்சத்தைச் சொன்னார். நான் கம்பஸில் இருந்த சமயம் அது. லயத்துக்குக் குடிதண்ணீர் விழும் பீலிக்கு மேலே உள்ள மலையில் களைக்கு மருந்தடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு நீ ஜன்னலுக்குப் போயிருக்கிறாய். மழை. அம்மா குடை பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருக்கிறார்.

"எந்த லயத்துப் புள்ள நீ?" என்று கேட்டாராம் பெரிய கிளாக்கர்.

"மேல் லயங்க. ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். தாவரவியல்ல டிகிரி. அந்த மலையில மருந்தடிச்சா மழைத்தண்ணியோட பீலிக்குத்தான் எறங்கும். கைப்புள்ளைங்க இருக்கிற பிள்ளைக்காம்பராவுக்கும் அந்தத் தண்ணிதாங்க போவுது."

"டிகிரி எல்லாம் சரிம்மா. இது மெனேஜ்மென்ட் எடுக்கிற முடிவு. நீ போயி புள்ளைங்களுக்குப் படிச்சுக் குடு."

"அவ விறுவிறுன்னு திரும்பிட்டாடா" என்றார் அம்மா. "மூஞ்சி கழுவ பீலிக்குப் போனவ, தண்ணியப் பாத்துக்கிட்டே நின்னுட்டு கழுவாமயே வந்துட்டா."

உன்னிடம் எல்லாரும் கேட்ட கேள்விக்குப் பதில் தேடி நான் எங்கெங்கோ போக வேண்டியிருக்கவில்லை, அக்கா. அம்மாவைக் கேட்டிருந்தாலே போதும்.

பிறகு நானும் அதே படிப்பில் சேர்ந்தேன். நீ பாதியில் விட்டதை முடிக்கத்தான் என்று ஊரில் சொன்னார்கள். அப்படியொன்றும் இல்லை. புவியியல் பட்டத்தோடு வேலையில்லாமல் சும்மா இருந்தேன், அதுவும் ஒரு காரணம். அந்த வகுப்பில் இருந்த எல்லாரையும் உத்தமர்கள் என்று சொல்லமாட்டேன். பெயருக்குப் பின்னால் போட மூன்று எழுத்து தேடி வந்தவர்கள் இருந்தார்கள். தனக்குக் கீழே இருந்தவன் மேலே போய்விட்டான் என்ற எரிச்சலில் வந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் டீ குடிக்கும் நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் முக்கால்வாசிப் பேரிடம் ஒரே கதைதான். உனக்குத் தெரிந்தது சரி, முடிவு உன்னுடையதல்ல என்று எங்கோ ஓரிடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். படித்ததை நம்பி யாரும் அங்கே வரவில்லை. படித்தது போதாது என்று கண்டபிறகு வந்தவர்கள். இந்த நாட்டில் நோயைப் பற்றி டாக்டர் சொன்னால், மண்ணைப் பற்றி உன்னைப் போன்றவள் சொன்னால், அதை அப்படியே கேட்பார்கள் என்றால் பாதி வகுப்பு காலியாக இருக்கும்.

கம்பனி நேர்முகத்தில் என்னையும் கேட்டார்கள். பூகோளம் படித்துவிட்டு ஏன் நிர்வாகம்? தலைமைத்துவத் திறனை வளர்த்துக்கொள்ள என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். உன் பதிலைச் சொல்லியிருந்தால் இந்தக் குளியலறை எனக்குக் கிடைத்திருக்காது.

வேலை கிடைத்து முதல் தடவை வீட்டுக்குப் போனேன். "தொரைக்கு டீயா கோப்பியா?" என்று அம்மா கேட்டார். கேலிதான். ஆனால் வாசலில் நான் கழற்றிய சப்பாத்தை எடுத்து, முந்தானையால் துடைத்து, சுவரோரமாக வைத்தார். "என்னம்மா இது" என்றேன். "சேறுடா" என்றார். நீ பட்டம் வாங்கி வந்த அன்று உன் செருப்பிலும் சேறு இருந்தது. அதை அம்மா தொடவில்லை.

இனி நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை ஜன்னலுக்கு உள்ளே நான் இருந்தேன். சந்தனமேரி என்று ஒரு அம்மா வந்தார். நம் அம்மா வயது. தலையில் கொழுந்துக் கூடைக் கயிறு அழுத்திய தடம்.

"தொரைங்க, பீலி மலையில மருந்தடிக்கப் போறாங்களாம். எம் மக வகுத்துப் புள்ளக்காரி. அந்தத் தண்ணியத்தாங்க குடிக்குது. வேற கொழா இல்லைங்களே."

என் தோட்டம் வேறு, மலை வேறு, ஆள் வேறு. பேச்சு மட்டும் உன்னுடையது.

"உள்ள வாங்கம்மா, ஒக்காந்து பேசுவோம்" என்றேன். அவர் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். யாரைக் கூப்பிடுகிறேன் என்று தேடினார்.

கிளாக்கர் என் காதருகே குனிந்தார். "சேர், ஒரு ஆள உள்ள விட்டா அடுத்த கெழமை லயமே உள்ள வந்திரும்."

"வேணாங்க தொரை" என்றார் சந்தனமேரி அம்மா. "காலெல்லாம் சேறு."

நான் எட்டிப் பார்த்தேன். கால் தெரியவில்லை. ஆபீசின் தரை வெளியைவிட உயரம், அக்கா. வெளியே நிற்கும்போது நமக்கு அது தெரிந்ததே இல்லை. உள்ளேயிருந்து பார்த்தால் தலையும் தோளும்தான் தெரியும். வரிசையில் நிற்பவர்களில் எவர் காலில் செருப்பு இருக்கிறது, எவர் காலில் இல்லை என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது. அப்படித்தான் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே போய்விட்டால் சரியாகிவிடும் என்று நம்பித்தானே நீ அத்தனை சனிக்கிழமை பஸ் ஏறினாய்? இதை உனக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

"பேசிட்டுச் சொல்றேங்கம்மா" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு இன்னும் மேசையில் கிடக்கிறது.

பெரியதுரையிடம் பேசினேன். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். எனக்கு பிஸ்கட் தட்டை நகர்த்திவிட்டுத்தான் பதில் சொன்னார். கையால் களை எடுக்க ஆள் எங்கே இருக்கிறது என்றார். இருக்கும் ஆட்களைக் கொழுந்துக்குத்தான் போட வேண்டும் என்றார். என்னை நிரந்தரமாக்குவது பற்றித் தான்தான் எழுத வேண்டும், அதற்குள் தனக்குச் சங்கடம் வைக்கவேண்டாம் என்றார். நான் மறுபடியும் பீலியைப் பற்றித் தொடங்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது மெனேஜ்மென்ட் முடிவு. மறந்துவிடாதே, இப்போது நீயும் மெனேஜ்மென்ட்தான்."

மழையில் நின்ற உன்னிடம் சொன்ன அதே வார்த்தை. எனக்கு நாற்காலி கொடுத்துச் சொன்னார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? நீயும் கொஞ்ச நாளில் "பேசிட்டுச் சொல்றேங்க" என்று பழகியிருப்பாயா? உன்னால் முடிந்திருக்காது என்று நினைக்க எனக்கு ஆசை. ஆனால் பிஸ்கட் தட்டை நகர்த்தும்போது கை தானாக நீள்கிறது, அக்கா. என் கை நீண்டது.

நாளைக் காலை ஆட்கள் கூடும் பெரட்டில் நான்தான் வேலை பிரிக்க வேண்டும். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா பெயர்ப் புத்தகத்தோடு வந்து, "பீலி மலைக்கு மருந்தடிக்க எத்தன பேரு போடுறது சேர்?" என்று கேட்பார். அதற்கு என்ன சொல்வது என்று மூன்று நாளாக யோசித்தேன். இப்போது யோசிக்கவில்லை.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். ஒருத்தரையும் போடமாட்டேன். கையால் களை எடுக்க நாலு பேர் போதும், குறையும் கொழுந்துக்கு என்னைக் கேட்கட்டும் என்று எல்லார் முன்னாலும் சொல்வேன். வரும் வியாழக்கிழமை சந்தனமேரி அம்மா உள்ளே வரமாட்டார், அது எனக்குத் தெரியும். நான் வெளியே போய் வாசலில் அவர் பக்கத்தில் நிற்பேன். ஜன்னலின் உள்ளே கிளாக்கர் மட்டும் இருக்கட்டும்.

இதற்குப் பிறகு என்னை நிரந்தரமாக்க மாட்டார்கள். சரி. அம்மா துடைத்து வைத்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவேன். பூகோளம் படித்தவன்தானே, லிந்துலைக்கு வழி எனக்குத் தெரியும்.

ஜன்னலுக்கு எந்தப் பக்கம் நின்றாலும்
உன் கூடப்பிறந்த தம்பி