மிதவை அறையின் இரண்டு சாவிகள்

2025 பெப்ரவரி 3, திங்கள்

காலை ஏழரைக்கு மிதவை அறையைத் திறந்தேன். காற்றடைத்த பிளாஸ்டிக் அன்னத்தின் கழுத்து மறுபடியும் சாய்ந்திருந்தது. நேற்று மாலை நான் பூட்டியபோது நிமிர்ந்துதான் இருந்தது.

மூன்றாவது நாள்.

சவர்க்கார நுரையைத் தையல் தையலாகத் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட எழவில்லை. ஓட்டை இல்லாமல் காற்று எப்படிப் போகும்?

அறைக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம். மற்றது பிரதாப் அண்ணனிடம்.

கால் பம்பால் இறுக்கமாக அடித்துவைத்தேன்.

பெப்ரவரி 4, செவ்வாய்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் தமிழ். ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருப்பது இது இரண்டாவது வருடம். இடையில் இந்த வேலை. டிக்கோயாவுக்கு மேலே, விடுதியாகிவிட்ட பழைய துரை பங்களாவின் நீச்சல் குளம். தண்ணீர், வடிகட்டி, சூடாக்கும் இயந்திரம் எல்லாம் பிரதாப் அண்ணன் பொறுப்பு. துவாய்களும் மிதவைகளும் என் பொறுப்பு. அன்னம் ஒன்று, வளையங்கள் ஆறு, அன்னாசிப்பழ வடிவில் ஒரு மெத்தை.

மாலையில் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். வெயிலுக்குப் பூசும் கிரீம் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். நிழலில் உலர்த்த வேண்டும். மடிப்பவற்றுக்கு மடிப்புகளில் பவுடர். பழைய மடிப்பின் மேலேயே மடிக்கக்கூடாது, அங்கேதான் முதலில் வெடிக்கும். அன்னம் பெரியது, மடிப்பதில்லை.

இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. யாரிடமும் சொல்லமாட்டேன்.

சென்ற வாரம் மானேஜர் நுஸ்கி சேர் சொன்னார், ஏப்ரல் சீசன் முடிந்தால் குளத்துக்கு ஓராள் போதுமாம். யார் என்று சொல்லவில்லை. அன்று முதல் பிரதாப் அண்ணனின் பகிடி கூடியிருக்கிறது. பட்டம் படித்தவள் என்று என்னைக் 'கெம்பஸ்' என்பார்.

"என்ன கெம்பஸ், அன்னம் எந்திரிச்சிருச்சா?" என்றார் இன்று காலை.

அது சாய்ந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

பெப்ரவரி 5, புதன்

பூட்டும் முன், அன்னத்தின் வால்வு மூடிமேல் பவுடர் தூவினேன். மிக மெல்லிதாக. தொட்டால் விரல் தடம் தெரியும்.

பெப்ரவரி 6, வியாழன்

பவுடர் கலையவில்லை. கழுத்து சாய்ந்திருக்கிறது.

அப்படியென்றால் துடைத்துவிட்டு மறுபடி தூவியிருக்கிறார். பவுடர் டப்பா அதே அறையில்தானே இருக்கிறது. இது ஏன் எனக்கு முதலிலேயே தோன்றவில்லை?

பெப்ரவரி 7, வெள்ளி

அவரை நல்லவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சமையற்கட்டில், கேட்டில், எல்லா இடத்திலும். எல்லோரிடமும் அப்படிப் பெயர் எடுக்க ஒருவர் எவ்வளவு பாடுபட வேண்டும்.

பெப்ரவரி 9, ஞாயிறு

கண்டேன்.

மத்தியானம், நல்ல வெயில். நான் துவாய் அடுக்கும் தட்டுக்குப் பின்னால் நின்றேன். அவர் குளத்தங்கரையில் குந்தியிருந்து அன்னத்தின் மூடியைத் திறந்து, வால்வை விரல்களால் நசுக்கினார். ஸ்ஸ்ஸ் என்று காற்று. எட்டு விநாடி, பத்து இருக்கலாம். பிறகு அன்னாசி. பிறகு ஒவ்வொரு வளையமாக.

நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டார். பதறவில்லை. "ரொம்ப விம்மிக் கெடக்குங்க. கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன்.

கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? கேட்டால் ஒரு பதில் வைத்திருப்பார். அது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பெப்ரவரி 10, திங்கள்

நுஸ்கி சேருக்கு எழுதிக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். திகதி, நேரம், பவுடர், நேற்றுக் கண்டது. என் ஆங்கிலம் இவ்வளவு நேர்த்தியாக ஒருபோதும் வந்ததில்லை.

பெப்ரவரி 11, செவ்வாய்

ஐந்து மணிக்கு அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். கதவு திறந்திருந்தது. நான் வெளியே நின்றேன்.

அவர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "வெயிலுக்கு விடத்தான் சேர் வேணும்." சேர் என் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளில் திகதிகள் இருந்தன. அவரிடம் அந்த ஒரு வாக்கியம்தான் இருந்தது.

சாவியை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. என்னைக் கடந்துபோகையில் அவர் நிற்கவில்லை.

அவர் மனைவி பூரணி அக்கா தேயிலைக் கொழுந்து பறிக்கிறார். எட்டு மாதப் பெண்குழந்தை. தன் தம்பிமாரைப்போலக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகக்கூடாது, பிள்ளை தன் முகம் பார்த்து வளர வேண்டும் என்றுதான் அவர் இந்த வேலைக்கு வந்தார். தோட்டத்து லய வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

பெப்ரவரி 12, புதன், போயா

இரண்டு சாவியும் என்னிடம்.

கழுத்து சாய்ந்திருக்கிறது.

கள்ளச் சாவி. வேறென்ன? பின்பக்கக் குறுக்குப் பாதையால் வந்திருப்பார். போகிற போக்கில் ஒரு கடைசி வேலை. எனக்கு ஆத்திரம். விரலால் தட்டினால் பானைபோல ஒலிக்கும்வரை பம்பை மிதித்தேன்.

— மாலை

பௌர்ணமி விடுமுறைக் கூட்டம். பன்னிரண்டரைக்குப் பனி முழுதாக விலகி வெயில் சுட்டது. அன்னத்தின் மேல் ஐந்து வயதுப் பிள்ளை. பட்டாசுபோல ஒரு சத்தம். சிறகுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தையல் பிரிந்தது. பிள்ளை தண்ணீருக்குள்.

தாய் கையெட்டும் தூரத்தில் நின்றார். தூக்கிவிட்டார். இருமியது, அழுதது, பிறகு ஐஸ்கிரீம் கேட்டது.

அந்தம்மா கொஞ்சம் தள்ளி நின்னிருந்தா?

பெப்ரவரி 13, வியாழன்

விடியற்காலை. தொய்ந்த வளையம் ஒன்றை, யாரும் பார்க்காமல் ஓட்டை தேடலாம் என்று, சூடாக்கும் இயந்திர அறைக்குக் கொண்டுபோனேன். அங்கே வெக்கை. வளையத்தை வைத்துவிட்டுப் போய் ஒரு தேத்தண்ணீர் குடித்துத் திரும்பினேன்.

வளையம் இறுகியிருந்தது. யாரும் வரவில்லை. மூடி திறக்கப்படவில்லை.

வெளியே குளிரில் வைத்தேன். தொய்ந்தது. உள்ளே வைத்தேன். இறுகியது. நான்கு தடவை.

குளிரில் காற்று சுருங்கும். சூட்டில் விரியும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தது. விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்திருந்தேன்.

அறைக்குள் யாருமே நுழையவில்லை. ஒவ்வொரு காலையும் நான் இறுக்கினேன். ஒவ்வொரு மத்தியானமும், வெடிக்காமலிருக்க, அவர் காற்றைக் கொஞ்சம் விட்டார்.

பெப்ரவரி 14, வெள்ளி

வேலை முடிந்து அவர்கள் லயத்துக்குப் போனேன். உள்ளே கட்டிய பயணப்பை. ஞாயிறு காலை கொழும்பு பஸ். புறக்கோட்டையில் ஒரு இரும்புக்கடை. பூரணி அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பிரதாப் அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு அடி படலையே என்று மட்டும் கேட்டார். பிறகு:

"அவ்வளவு எழுதுனீங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே."

சேரிடம் பேசுகிறேன், திரும்பி வாருங்கள் என்றேன்.

"சேர் கூப்புட்டா வாறேன். புள்ளைய விட்டுட்டுப் போக எனக்கென்ன ஆசையா. ஆனா உங்ககூட நின்னு வேல செய்ய ஏலாதுங்க. எந்நேரமும் பாத்துக்கிட்டே இருப்பீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் வராது என்பதைப்போலச் சொன்னார். அந்தக் குரலிலும் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன். அங்கே நின்றுகொண்டே தேடினேன்.

பெப்ரவரி 15, சனி

இன்னொரு தாள் எழுதினேன். இம்முறை தமிழில், ஐந்து வரி. நான் எழுதியது பிழை, பிரதாப் செய்தது சரி, வெடித்ததற்கு நானே காரணம்.

நுஸ்கி சேர் இரண்டு தடவை வாசித்தார். "வெடிச்சதுக்குப் பொறகு ரெண்டு பேர வெச்சிருக்க முதலாளி விட மாட்டார். ஓராள்தான். யாரெண்டு நீங்களே சொல்லுங்க" என்றார்.

சொன்னேன்.

பிரதாப் அண்ணன் பெயரைச் சொல்லும்போது, இதை எதற்காகச் செய்கிறேன் என்று என்னையே சந்தேகித்தேன். பரவாயில்லை. எதற்காகவோ.

பெப்ரவரி 16, ஞாயிறு

கொழும்பு பஸ் போகும் நேரம் கடை முனையில் நின்று பார்த்தேன். அவர் ஏறவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டில் ஆறு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கடதாசி வாங்க ஹட்டனுக்குப் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் பூரணி அக்கா, மடியில் பிள்ளை. பக்கத்து இருக்கை மட்டும்தான் காலி.

உட்கார்ந்தேன். அண்ணன் சுகமா என்று கேட்டேன்.

"வேலைக்குப் போயிட்டாரு" என்றார்.

பிள்ளை என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது. அவர் அதன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார். பிறகு, எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த தன் கைப்பையை எடுத்து, ஜன்னல் பக்கமாக வைத்துக்கொண்டார்.

எனக்கு இடம் விடத்தான் எடுத்திருப்பார்.

அப்படித்தான் இருக்கும்.