ஏழாவது கிலோமீட்டர் பாறை

அன்புள்ள சுண்டுவுக்கு,

அப்பா எழுதுவது. உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பதறியிருப்பாய். அம்மா நன்றாக இருக்கிறாள். முழங்கால் வலி மட்டும் அப்படியேதான். நான் ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க இடம் மிச்சமில்லை என்று புகார் சொல்கிறாள். அங்கே குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நானும் அம்மாவும் உன் பள்ளத்தாக்குக்குப் போய் வந்தோம்.

சோதனைச் சாவடியோடு வண்டிகள் நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் ஒன்பது கிலோமீட்டர் நடைதான். காவலுக்கு இருந்த பெண் எங்கள் பையைக் கொட்டி, பிளாஸ்டிக் உறைகளையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார். பூ பறிக்கக் கூடாது, கல் எடுக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்று அடுக்கிக்கொண்டே போனார். "மூச்சாவது விடலாமாம்மா?" என்று கேட்டாள் உன் அம்மா. படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'சாலைப் பொறியாளர், ஓய்வு' என்று எழுதினேன். அந்தப் பெண் படித்துவிட்டு, "நல்லவேளை சார், ஓய்வுன்னு போட்டீங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மாவுக்குக் குதிரை ஏற்பாடு செய்தோம். எனக்கு வழிகாட்டி துணை. ஐம்பது வயதிருக்கும், அங்கேயே ஆடு மேய்த்து வளர்ந்தவர். மூன்றாவது கிலோமீட்டரில், "இந்த வளைவு தாண்டினா ஓடை, அதுக்கப்புறம் ஏத்தம், இல்லையா?" என்று கேட்டேன். "முன்னாடியே வந்திருக்கீங்களா?" என்று ஆச்சரியப்பட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அளவெடுக்கப் போனவர்கள் வேறு ஆட்கள். மேசையில் உட்கார்ந்து பதினோரு மாதம் அந்த இடத்தை வரைந்தவன் நான். ஒவ்வொரு மேடும் பள்ளமும் எனக்கு எண்ணாகத் தெரியும்.

எண்ணாக மட்டும்தான் தெரிந்திருக்கிறது, சுண்டு. ஏற்றம் முடிந்து திரும்பினால் தரையே தெரியவில்லை, அத்தனை பூ. மஞ்சள், ஊதா, இன்னும் எனக்குப் பெயர் தெரியாத நிறங்கள். அதற்கு மேல் பனி. நடுவில் ஆறு, பால் கலந்த பச்சை நிறத்தில். எதிர்ச் சரிவு எழுபது பாகைக்குக் குறையாது. அதில் சுவர் கட்டுவதென்றால் நான் மூன்று முறை யோசிப்பேன். ஒரு காட்டாட்டுக் குட்டி அதன் மேல் நின்று, பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டிருந்தது! அம்மா குதிரையை நிறுத்தச் சொல்லி, அரை மணி நேரம் வாய் திறக்கவில்லை. அவள் வாழ்க்கையில் அது சாதனை.

ஏழாவது கிலோமீட்டரில் பாறை வந்தது.

என் படத்தில் அதற்குப் பெயர் கிடையாது. 'இடைஞ்சல், வெடி வைத்து அகற்றவும்' என்று சிவப்புப் பென்சிலில் எழுதியிருந்தேன். நேரில் அது ஒரு மாடி வீட்டு உயரம். அடியிலிருந்து உச்சிவரை செதுக்கியிருக்கிறார்கள். வளைந்த கொம்பு ஆடுகள், வில் பிடித்த மனிதர்கள், ஓரத்தில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். அந்தக் குழந்தை அவளைப் பார்க்காமல் ஆட்டைத் திரும்பிப் பார்க்கிறது. யார், எந்தக் காலத்தில் செதுக்கினார்களோ. குழந்தை என்றால் அப்படித்தான் என்று தெரிந்தவர்கள்.

வழிகாட்டி சொன்னார்: "இதை உடைச்சு ரோடு போட இருந்தாங்க சார். ஒரு பொண்ணு வந்துச்சு. ரெண்டு மாசம் எங்களோட தங்கி, ஒவ்வொரு உருவமா வரைஞ்சு எடுத்துட்டுப் போச்சு. அப்புறந்தான் நின்னுது."

அம்மா என்னைப் பார்த்தாள். அந்த ரோடு நின்றதிலிருந்து நாலு வருஷமாக, அவள் உன்னோடு போனில் பேசும்போது, சாப்பிட்டாளா என்று கேள் என்பதோடு நிறுத்திக்கொண்ட மனிதன் என்ன சொல்லப்போகிறான் என்று பார்த்தாள். "அது என் பொண்ணுதான்" என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்தக் கைகளை வாங்கிக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை என்று பட்டது. "அந்த ரோடை வரைஞ்சதும் நான்தான்" என்று அதையும் சொல்லிவிட்டேன்.

கையை உதறிவிடுவார் என்று நினைத்தேன். உதறவில்லை. "ரோடு வேணும்னு கேட்டவங்கள்ல நானும் ஒருத்தன் சார்" என்றார். கால் முறிந்த மனைவியை டோலி கட்டி இந்த ஒன்பது கிலோமீட்டரும் இறக்கினாராம். பாதி வழியில் அவள் மயங்கிவிட்டாளாம். இன்றைக்கும் காலை இழுத்துத்தான் நடக்கிறாள். "பாறையும் வேணும், அவளும் வேணும். ரெண்டுக்கும் நடுவுல எனக்கு ஒண்ணும் புரியல" என்றார்.

திரும்பி வந்ததிலிருந்து மறுபடி வரைகிறேன். சாலை அல்ல. டோலி தூக்குகிறவர்கள் நாலு பேர் சேர்ந்து நடக்கும் அகலத்தில் ஒரு பாதை. ஓடைக்கு ஒரு சின்னப் பாலம். பாறைப் பக்கமே போகாமல் ஆற்றோரமாய்த் திருப்பியிருக்கிறேன். வனத்துறை ஒப்புக்கொள்ளுமா, தெரியாது. ஆனால் அங்கே புதைந்தும் சாய்ந்தும் உருவம் செதுக்கிய சின்னக் கற்கள் இன்னும் பல இருக்கின்றன என்கிறார் வழிகாட்டி. எது எங்கே என்பது உன் நோட்டுகளில்தான் இருக்கிறது. தெரியாமல் மறுபடி ஒன்றின் மேல் கோடு போட்டுவிடுவேனோ என்று கை தயங்குகிறது.

நோட்டுகளைத் தபாலில் அனுப்பினால் போதும் என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். அம்மா படித்துவிட்டு, "அதைத்தான் கேக்கணுமா உங்களுக்கு?" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இது இரண்டாவது காகிதம்.

லீவு எப்போது கிடைக்கும்? படிப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள். எங்கே நடந்தாலும் உன் கால் பத்திரமாக இருக்கட்டும். வா என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. எழுத வருகிறது. வா.

உன் அன்புள்ள,
அப்பா