அக்காவின் பெட்டியிலிருந்து எடுத்த பம்பு

என் பாசத்துக்குரிய கலா அக்கா,

நீ இருக்கும் இடத்தில் மூச்சு முட்டாது என்று நம்புகிறேன். எனக்குத்தான் நேற்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை.

நான் இப்போது புதுக்கோட்டையில் குழந்தைகளின் நுரையீரல் மருத்துவன். "ஊதச் சொல்லியே சம்பாதிக்கிறியாடா?" என்று நீ கேலி செய்திருப்பாய். உண்மையும் அதுதான். ஆலங்குடிப் பக்கம் முந்திரிக்கொட்டை வறுக்கிற வீட்டுப் பிள்ளைகளைக் கருவியில் ஊதச் சொல்லி, அந்தப் புகை அவர்களின் மூச்சை என்ன செய்கிறது என்று ஆராய்கிறேன்.

ஆனால் புகையைவிட என்னைப் படுத்துவது வேறொன்று. வீசிங், அதாவது மூச்சிரைப்பு, உள்ள பெண்பிள்ளைக்கு வாயில் வைத்து மருந்தை உறிஞ்சும் பம்பு எழுதினால் அம்மாக்கள் குரலைத் தாழ்த்திவிடுகிறார்கள். "பொட்டப்புள்ளைங்க சார். நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணும். மாத்திரையாக் குடுங்களேன்." பம்பு பழக்கமாகிவிடாது, மருந்து நேரே நுரையீரலுக்குப் போகிறது என்று தினமும் விளக்குகிறேன். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

அன்று நான் நான்காம் ஆண்டு மருத்துவ மாணவன். உன் கல்யாணத்துக்கு முதல் நாள், அம்மா சொன்னாள் என்று, உன் பெட்டியில் சேலைகளுக்கு அடியிலிருந்த பம்பை எடுத்தவன் நான். "சளின்னு சொல்லிக்கலாம்க்கா. பெறகு பாத்துக்கலாம்" என்றேன். நீ தலையாட்டினாய். புகுந்த வீட்டில் மூச்சு வாங்கும்போதெல்லாம் வேலை அசதி என்று உட்கார்ந்துகொள்வாயாம். நீ எங்களை விட்டுப் போன அந்தக் கடைசி நாளும் அசதி என்றுதான் நினைத்தார்களாம். ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாமே, அக்கா?

நேற்று மச்சான் ஆலங்குடியிலிருந்து உன் மகள் தென்றலைக் கூட்டி வந்தார். பதினொரு வயதாகிறது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்ததுமே தெரிந்துவிட்டது, அவளுக்கும் வீசிங். பம்பை நீட்டினேன்.

"இது வேணாம் மாப்ள. நாலு பேருக்குத் தெரியாம மாத்திரையில பாருங்க. பொம்பளப்புள்ள."

வழக்கமாகச் சொல்கிற விளக்கம் வாயில் வரவில்லை. தென்றலை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, நடந்ததை அப்படியே மச்சானிடம் சொன்னேன்.

அவர் பம்பை வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். பிறகு, "தெரிஞ்சிருந்தா அவ போன அன்னைக்கு, மூச்சு வாங்குனவள பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்க வச்சுருக்க மாட்டேனே, மாப்ள" என்றார்.

எழுந்து போய்விட்டார். பம்பு மேசையிலேயே கிடந்தது. இரவு முழுக்க நான் தூங்கவில்லை. காலையிலிருந்து போனை எடுக்க மாட்டேன் என்கிறார். அவருடைய கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கோபம் ஆறும்வரை தென்றலின் மூச்சு காத்திருக்குமா?

இதை முடித்ததும் ஆலங்குடிக்குக் கிளம்புகிறேன். மச்சான் கதவைத் திறக்காவிட்டால் தெருவில் நிற்பேன். யார் என்ன ஏதென்று கேட்டாலும், என் அக்காவுக்கு வீசிங் இருந்தது, அதை மறைத்தவன் நான் என்று சொல்வேன். இன்று பொழுது சாய்வதற்குள் தென்றல் கையில் மருந்து இருக்கும். இது சத்தியம்.

உன் தம்பி,
தென்றலின் தாய்மாமன்
செந்தில்