சவர்க்காரப் பெட்டிக்குள் இருந்தது

என் உதிரிப்பாகக் கடைக்குப் பக்கத்தில் இப்போது கைபேசி திருத்தும் கடையொன்று வந்திருக்கிறது. நேற்றுக் காலை அங்கே யாரோ ஈயம் உருக்கிப் பற்றவைத்தார்கள். அந்தப் புகை வாசம் வந்ததும், கையிலிருந்த சாமானை மேசையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்கு எழுத வேண்டுமென்று எத்தனையோ வருடங்கள் நினைத்திருக்கிறேன். இனி நீங்கள் வாசிக்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு எழுத வருகிறது. அதிலேயே என் குணம் தெரிகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, எங்கள் மலைநாட்டுப் பக்கம் குண்டசாலையில் ஓர் அறையில் இருந்துகொண்டு, தொலைபேசித் திருத்த வேலை பார்த்தீர்கள். அலுவலக வேனுக்கு ரப்பர் குழாய் வாங்க மடவளையில் என் கடைக்கு வந்தவர், வாசலில் நின்ற என் பழைய ஜப்பான் டர்போ காரின் பொனட்டைத் திறக்கச் சொல்லி ஒரு மணி நேரம் குனிந்து நின்றீர்கள். அதன்பின் நான்கு வருடம் உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் வீட்டில்தான். என் மனைவி உங்களுக்காக மரக்கறி தனியாகச் சமைப்பாள். யுத்தத்தைப் பற்றி நாம் பேசியதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து உங்கள் அம்மாவின் கடிதம் வராத கிழமைகளில் நீங்கள் கூடுதலாக வேலை செய்வீர்கள், அவ்வளவுதான்.

அந்தக் கார் மேட்டில் ஏறும்போது திணறும். உள்ளே போகும் காற்றை அளக்கிற மீட்டர்தான் காரணம் என்று கண்டுபிடித்தது நீங்கள். பழைய வகை மீட்டர் அது. ஸ்பிரிங் வைத்த சிறு கதவொன்றைத் தள்ளித் திறந்துகொண்டுதான் காற்று உள்ளே போக வேண்டும். "மூக்குக்குள்ள கதவு வச்சிட்டு ஓடு எண்டா எந்த மனிசன் ஓடுவான்?" என்று கேட்டீர்கள்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான்களுக்குள் பெரிய எஞ்சின் ஒன்றின் மீட்டர் எனக்குக் கிடைத்தது. அதில் கதவு இல்லை. சூடேறிய மெல்லிய கம்பி ஒன்றுதான். காற்று அதை எவ்வளவு குளிர வைக்கிறதோ, அதை வைத்து அளவு சொல்லும். ஆனால் புது மீட்டர் சொல்வது நம் காரின் கம்பியூட்டருக்கு விளங்காது. அதற்காக நீங்கள் ஒரு சிறு சர்க்கிட் செய்தீர்கள். அதைக் குளிக்கிற சவர்க்காரம் வைக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, நாலு வயர் வெளியே இழுத்து, அளவைக் கூட்டிக் குறைக்க மேலே ஒரு திருகாணியும் வைத்தீர்கள். எஞ்சின் சூட்டை இழுக்காமல் முன்விளக்குக்குப் பின்னாலிருந்து குளிர்ந்த காற்று வருவதற்கு நான் தகரம் வெட்டி மறைப்புக் கட்டினேன். அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஒரு ஞாயிறு காலை மடுல்கெல்ல மலையேற்றத்தில் ஓட்டிப் பார்க்கப் போனோம். நான் ஓட்ட, நீங்கள் சவர்க்காரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் திருகாணியை முன்னும் பின்னும் திருப்பினீர்கள். முதலில் கரும்புகை, பிறகு இழுவை, பிறகு திடீரென்று கார் மேட்டை விழுங்கிக்கொண்டு ஏறியது. நீங்கள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

திரும்பி வரும்போது, மடவளைக்கு இரண்டு மைல் இருக்கையில், காலையில் இல்லாத சோதனைச் சாவடி ஒன்று போட்டிருந்தார்கள். ஆமிக்காரர் முதலில் உங்கள் யாழ்ப்பாண அடையாள அட்டையைப் பார்த்தார். பிறகு உங்கள் மடியைப் பார்த்தார். பெட்டி, வயர்கள். தோளில் தொங்கிய துவக்கு நிமிர்ந்தது. இருவரையும் இறக்கி, இது யாருடையது என்று சிங்களத்தில் என்னிடம்தான் கேட்டார்.

என் சிங்களம் சிங்களவர் சிங்களம். உங்களுடையது தட்டித் தடுமாறி வரும். பொனட்டைத் திறந்து, வயர் போகும் வழியை விரலால் காட்டியிருந்தால் போதும். நான் "எயாகே" என்றேன். அவருடையது என்று.

"காரின்ர எண்டு சொல்லும். பொனட்டைத் திறந்து காட்டும்" என்றீர்கள் மெதுவாக. தமிழில் பேச வேண்டாமென்று ஒருவர் அதட்டினார். இவர் உனக்கு யார் என்று அடுத்த கேள்வி. கடைக்கு வந்து போகிறவர், வழியில் ஏற்றினேன், அதிகம் தெரியாது என்றேன். நீங்கள் இரண்டடி தள்ளி நின்றீர்கள். எல்லாம் கேட்டது. என்னைப் பார்க்கவில்லை, உங்கள் சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அவர்கள் கேட்கும் முன்னரே நீட்டினீர்கள்.

பெட்டியையும் உங்களையும் வைத்துக்கொண்டு என்னைப் போகச் சொன்னார்கள்; பெட்டி இல்லாமல் கார் திணறித் திணறி வந்தது. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள்: "சோறு எடுத்து வச்சிருக்கேன். அவர எங்க உட்டுட்டு வந்தீங்க?"

சொன்னேன். எடுத்து வைத்த சோற்றை அவள் மூடினாள். பிறகு, "கார எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க. இப்பவே போங்க" என்றாள். நான் போகவில்லை. பொனட்டைத் திறந்து புது மீட்டரைக் கழற்றினேன். வயர்களை வெட்டினேன். தகர மறைப்பைப் பிடுங்கி எறிந்தேன். கதவு வைத்த பழைய மீட்டரை மறுபடி பூட்டினேன். யாராவது வந்து பார்த்தால் என் காரில் ஒன்றும் இருக்கக் கூடாது. உங்களைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியை நானே கழற்றிவிட்டேன் என்பது அப்போது எனக்குத் தெரியாமல் இல்லை.

பத்தொன்பது நாட்கள் உங்களை வைத்திருந்தார்கள். உங்கள் அலுவலக மேலதிகாரி, ஒரு சிங்களவர், மூன்று தடவை அலைந்து உங்களை வெளியே எடுத்தார். நான் ஒரு தடவையும் போகவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை, அது என்னுடைய சொந்தப் பயம். எனக்குக் கடை இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்த அதிகாரிக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

வெளியே வந்த அடுத்த ஞாயிறு நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். மெலிந்திருந்தீர்கள். ஒன்றும் கேட்காமல் பொனட்டைத் திறந்தீர்கள். பழைய மீட்டரை விரலால் தொட்டுப் பார்த்தீர்கள்.

"மற்றதை எறிஞ்சு போட்டீரோ?"

"இல்ல, இருக்கு."

"எடும்."

உங்கள் வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. ஈயம் பற்றவைக்கும் கோலை இடது கையில் பிடித்தீர்கள். நான் வெட்டிய ஒவ்வொரு வயரையும் நீங்கள் நீட்டி ஒட்ட, நான் பிடித்துக்கொண்டிருந்தேன். புதிதாக ஒரு பெட்டி செய்து கொண்டுவந்திருந்தீர்கள். மன்னிப்புக் கேட்க எனக்கு அன்று ஐந்து மணி நேரம் இருந்தது. "அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கவா?" என்று மட்டும் கேட்டேன்.

கார் முன்னரைவிட நன்றாக ஓடியது. ஒரு மாதத்தில் விற்றுவிட்டேன். நீங்கள் கனடாவுக்குப் போனீர்கள். எங்கள் ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் உங்கள் வாழ்த்து அட்டை வந்தது. ஒன்றுக்கும் நான் பதில் போடவில்லை.

போன கிழமை உங்கள் மகள் அழைத்தாள். "அப்பா மோசம் போயிட்டார் அங்கிள்" என்று நீங்கள் இறந்த செய்தியைச் சொன்னாள். அழுது முடித்த பிறகு சொன்னாள்: "அப்பா எப்பவும் உங்களைப் பற்றிச் சொல்லுவார். செக்பொயின்ரில ஆமியோட நீங்கள் தனக்காகக் கதைச்சனீங்களாம். இல்லாட்டி தான் உயிரோட இருந்திருக்க மாட்டன் எண்டு சொல்லுவார்."

எத்தனை வருடம் இந்தப் பொய்யை உங்கள் வீட்டில் எனக்காகச் சொல்லியிருக்கிறீர்கள். அதைத் திருத்த எனக்கு ஒரு நொடி கிடைத்தது. "அது பெரிய விஷயமில்ல மகள்" என்றேன். அடக்கமாக வேறு சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

உங்கள் மகள் ஓகஸ்டில் வருகிறாள். குண்டசாலை அறையைப் பார்க்க வேண்டுமாம், என்னையும் பார்க்க வேண்டுமாம். வாசலிலேயே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவளை உள்ளே கூப்பிட்டு, உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்துவிட்டால் நான் மறுபடியும் நல்ல மனிதனாகிவிடுவேன்.