கம்பெனி ஃபேன் சத்தத்தில் ஒரு நாடகம்

அக்கா,

காலையில் கதவைத் திறந்ததும் அந்த ஃப்ளெக்ஸ் வாசனைதான் மூக்கில் ஏறியது. வேர்க்கடலைத் தோல், கொசுவத்தி, உன் முட்டிக்குத் தேய்க்கும் தைலம், மூன்றும் கலந்த வாசனை. எத்தனை தடவை கழுவினாலும் போகவில்லை. வாசலில் விரித்தபடியே கிடக்கிறது. மடித்துப் பரணில் போட உடம்பில் தெம்பில்லை.

யாரோ ஒரு கல்யாணத்துக்கு வைத்த பேனர் அது. மழையில் சாய்ந்து ரோட்டோரம் கிடந்ததை நீதான் இடுப்புக்கு மேலே மட்டும் வெட்டி எடுத்து வந்தாய். இடது பக்கம் மாப்பிள்ளை, வலது பக்கம் பொண்ணு. எந்த ஊரில் நாடகம் பார்க்கப் போனாலும் இதைத்தான் விரிப்போம். "நீ பொண்ணு மேல குந்துமே. என் வெயிட்ட மாப்ளதான் தாங்குவான்" என்பாய். இத்தனை வருஷம் தாங்கித் தாங்கி அவன் முகத்தில் இப்போது மீசை மட்டும்தான் பாக்கி. பொண்ணு இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். நான் எப்போதும் ஒல்லி.

நீ போய் முதல் திருவிழா இது. அதைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. அம்மன் திருவிழாவின் கடைசி நாள் சாயங்காலம் நாடகத்துக்குத்தான். விழாக் குழு எதை வேண்டுமானாலும் பேசட்டும், அந்த நாடகத்தை முன்னாலேயே பார்த்த ஒருவர், "நல்லாருக்குது, நான் சொல்றேன்" என்று ஊர் நடுவில் நின்று, வெற்றிலைத் தட்டைத் தன் கையால் எடுத்து நாடகக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும். நாடகம் நன்றாக இருந்தால் பேர் நாடகக்காரர்களுக்கு. இல்லையென்றால் அடுத்த திருவிழா வரைக்கும் ஏச்சு தட்டுத் தூக்கியவருக்கு. ஆம்பளைகள் ஒவ்வொருவராக நழுவி, அந்தத் தட்டு கடைசியில் உன் கைக்கு வந்தது. கோயில் தட்டைக் கிறிஸ்தவங்க கை தூக்கலாமா என்று ஒரு பெரியவர் கேட்டபோது, "அப்ப ஏச்சு நீ வாங்கிக்கிறியா நைனா?" என்றாய். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

கம்பெனி கேன்டீனில் நாம் இரண்டு பேரும் தட்டுக் கழுவிய காலம் அது. ஞாயிற்றுக்கிழமை நீ சர்ச்சில் இருந்து நேராக வருவாய். பைபிள் பையிலேயே முறுக்கும் இருக்கும். பொன்னேரி, ஆரணி, திருவள்ளூர் என்று எங்கே புது நாடகம் போட்டாலும் போவோம். சாமி கதை போட்டால் வரமாட்டாய். "அதுல யாரு ஜெயிப்பாங்க யாரு தோப்பாங்கன்னு எனக்குத் தெரியும். புதுசுன்னா இன்னா ஆவும்னு தெரில, அதான் குந்திக்கினு பாக்கறேன்" என்பாய். இன்னொன்றும் சொல்வாய்: "எழுதனவங்க உசுரோட இருக்கணும்மே. நல்லா இல்லன்னா போயி கேக்கணும்ல."

நீ மேடையைப் பார்த்ததைவிடக் கடலை விற்கிறவனைப் பார்த்ததுதான் அதிகம். அவன் கூவிக்கொண்டே சுற்றினால் நாடகம் சரியில்லை. கூவுவதை நிறுத்தி நின்றுவிட்டான் என்றால் என் தொடையில் ஒரு இடி இடிப்பாய். அவ்வளவுதான், அந்த நாடகம் நம் ஊருக்கு வந்துவிடும். ஏரியைப் பிளாட் போட்ட நாடகம் அப்படி வந்தது. மாமியாரும் மருமகளும் ஒரே கம்பெனியில் வேலைக்குச் சேரும் நாடகம் அப்படி வந்தது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீ கதையைச் சொல்லவே மாட்டாய். "சிரிப்பு வரும், பொம்பளைங்க முன்னாடி குந்துங்க. புள்ளைங்கள தூங்க வெச்சிட்டு வராதீங்க, கூட்டிகினு வாங்க." இவ்வளவுதான் உன் சிபாரிசு. ஊர் வந்து உட்காரும்.

ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு, என்னிடம் கடைசியாகக் கேட்டாயே, "இந்த வருசம் இன்னா நாடகம்மே?" என்று. நான் உன் போர்வையை இழுத்துவிட்டேன். எனக்குத் தெரியாது.

சித்திரை பிறந்ததும் விழாக் குழுச் செயலாளர் சுகுமார் வீட்டுக்கு வந்தான். நம் பால்காரர் மகன்தான், இப்போது சட்டையில் பேனா வைத்துக்கொள்கிறான். "ஆயா, பெரியாயா போனதோட நாடகமும் போவட்டும். பாட்டுக் கச்சேரி வெச்சிடலாம்னு எல்லாரும் சொல்றாங்க. தட்டுத் தூக்க ஆள் இல்ல. நீ தூக்கறியா? முடியலன்னா முடியலன்னு சொல்லிடு, தப்பில்ல."

அந்தத் 'தப்பில்ல'தான் எனக்குச் சுருக்கென்றது. அஞ்சாவது படித்தவள், அக்கா பின்னாலேயே போய் வந்தவள், இவளுக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு. "பாத்துட்டு சொல்றேன்" என்றேன். இந்த வருஷம் ஒரு தடவை நாடகம் நின்றால் அப்புறம் வராது என்று எனக்குத் தெரியும். பாட்டுக் கச்சேரிக்கு யாரும் தட்டுத் தூக்கவேண்டியதில்லை.

பேத்தி திவ்யாதான் ஃபோனில் தேடிச் சொன்னாள். வள்ளூர்ப் பெண் ஒருத்தி, பவர் பிளான்ட் பக்கத்து வீடு, கம்பெனியில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே ஒரு நாடகம் எழுதியிருக்கிறாளாம். பொன்னேரியில் கல்யாண மண்டபத்தில் ஞாயிறு மத்தியானம். ஃப்ளெக்ஸைச் சுருட்டிக்கொண்டு போனேன். காலேஜ் படிக்கிற பிள்ளை, இதைப் போய் ரயிலில் தூக்கிக்கொண்டு வருகிறாயே என்று முகம் சுளிக்கவில்லை. அவளே தூக்கி வந்தாள். அதுவரைக்கும் என் வளர்ப்பு சரி.

நாலு பெண்கள் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். அன்றைக்கு ஒருத்திக்கு வேலை போகப் போகிறது, யாருக்கு என்று தெரியாது. அவ்வளவுதான் கதை. ஒருத்தி சீட்டு கட்டினதைப் பேசுகிறாள், ஒருத்தி தலை பின்னிவிடுகிறாள். நம் பேச்சு அப்படியே இருந்தது. உன் தொடையை இடிக்கக் கை போனது, அங்கே மாப்பிள்ளைதான் இருந்தான்.

அதற்கப்புறம் என்ன ஆனது தெரியுமா? தூங்கிவிட்டேன்.

கைதட்டல் கேட்டு விழித்தேன். எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

"தூங்கிட்டியா ஆயா?"

"கண்ண மூடிக்கினு கேட்டுக்கினு இருந்தேன்."

"கொறட்டை வந்துச்சு."

வண்டியில் வரும்போது திவ்யா, "முக்காவாசி பாத்துட்ட இல்ல? நல்லாத்தான இருந்துச்சு? பாத்தேன்னு சொல்லிடு ஆயா, யாருக்குத் தெரியப்போவுது" என்றாள். சொல்லிவிடலாம் என்றுதான் நானும் இருந்தேன் அக்கா. முட்டி வலி. இன்னொரு தடவை படி ஏறி இறங்க எனக்கு எங்கே தெம்பு?

ஆனால் பாதி பார்த்த நாடகத்துக்குத் தட்டுத் தூக்கக்கூடாது என்பது உன் சட்டம். அதைவிட, அந்தத் தாடிக்காரப் பையன் எழுதிய நாடகம் ஞாபகம் வந்தது. பேச்சே குறைவு. அப்பா ஒருத்தர், போன மகன் வருவான் என்று கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மூடின ஹாலில் பார்த்தபோது நீயும் நானும் மூச்சுவிடவில்லை. ஊருக்குக் கூட்டி வந்துவிட்டோம். நம் திடலுக்குப் பின்னால் இரும்பு உருக்குகிற கம்பெனியின் பெரிய ஃபேன் இரவும் பகலும் ஓடுகிறதே, அதை நினைக்கவேயில்லை. நமக்கு அது காதில் விழுவதேயில்லை, அதனால் நினைவும் வரவில்லை. மேடையில் அப்பா பேசாமல் உட்கார்ந்ததும் கூட்டம் "மைக் அவுட்டு, மைக் அவுட்டு" என்று கத்தியது. மைக்செட் ஏழுமலை பல்லில் டெஸ்டரைக் கடித்துக்கொண்டு மேடைமேலே ஏறிவிட்டான். அந்த அப்பாவைச் சுற்றிப்போய், வயரைத் திருகி, "அலோ, அலோ" என்றான். ஊர் விசிலடித்தது. பாவம் அந்த நடிகர், கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வருஷம் முழுக்கத் தண்ணிக் குழாயில் உனக்குப் பேஜாருதான். "இன்னாக்கா, இந்த வருசமும் ஊமைக் கச்சேரியா? ஏழுமலைக்கு வேஷம் உண்டா?" நானும்தான் அந்த நாடகத்தைச் சிபாரிசு செய்தேன். நீ என்னை வாய் திறக்கவிடவில்லை. "தட்டு என் கையிலதான இருந்துச்சு, நீ கம்முனு தண்ணி புடி" என்றாய். வீட்டுக்கு வரும் வழியில்தான், குடத்தை இறக்கிவைத்துவிட்டு, "நாடகம் தப்பில்லமே. எடம்தான் தப்பு" என்று சொன்னாய்.

அதனால் சுகுமாரிடம் உள்ளதைச் சொன்னேன். "பாதில தூங்கிட்டேன்டா."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "நாடகப் பைத்தியம் நீயே தூங்கிட்டன்னா, ஷிஃப்ட் முடிச்சிட்டு வர்ற ஜனம் இன்னா ஆயா பண்ணும்? கச்சேரிக்கே சொல்லிடவா?"

"பத்து நாள் பொறு" என்றேன். தூங்கவைக்கிற நாடகம் நல்ல நாடகமா? நீ இருந்தால் கேட்டிருப்பேன். ஆனால் எனக்கு அலுப்பு வரவில்லையே, அந்த நாலு பெண்களில் யார் என்று தெரிந்துகொள்ளத்தானே உட்கார்ந்திருந்தேன்? பிறகு ஏன் தூங்கினேன்?

அடுத்த ஆட்டம் திருநின்றவூரில், ஃப்ளாட்காரர்கள் ஹாலில். சென்ட்ரலில் இறங்கி வண்டி மாறி, மேம்பாலம் ஏறி இறங்கி, இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து போனோம். அங்கே கடலை விற்கிறவன் கிடையாது. வாசலில் செக்யூரிட்டி இருந்தார், நான் அவரைப் பார்த்துக்கொண்டேன். முதலில் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை பின்னுகிற இடத்தில் எட்டிப் பார்த்தார். சீட்டுக் காசு கைமாறும் இடத்தில் நாற்காலியை விட்டு உள்ளே வந்து சுவரோரம் நின்றுவிட்டார்.

பஸ் கம்பெனி கேட் பக்கம் வருகிறது. பேச்சு ஒவ்வொன்றாக நிற்கிறது. எனக்கு அதே இடத்தில் மறுபடியும் கண் சொருகியது. தொடையைக் கிள்ளிக்கொண்டு காதைத் தீட்டினேன். அப்போதுதான் கேட்டது. ஸ்பீக்கரில் இருந்து ஃபேன் சத்தம்.

முடிந்ததும் அந்த வள்ளூர்ப் பெண்ணிடம் போனேன். "அது இன்னா சத்தம்மா?"

"கம்பெனி ஃபேன் ஆயா. ஃபோன்ல புடிச்சி வெச்சிகினு போற எடமெல்லாம் போடறோம். ஹால்ல அது இல்லன்னா சப்புனு இருக்குது. ஏன், தொந்தரவா இருக்குதா?"

"எங்க ஊர்ல அது நிக்காது. திடலுக்குப் பின்னாடியே ஓடுது."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நாங்க ஸ்பீக்கர் போடவேணாமே" என்றாள்.

திரும்பி வரும் வண்டியில் எனக்குச் சிரிப்பும் வந்தது, உடம்பெல்லாம் வலியும் வந்தது. முப்பது வருஷமாக அந்தச் சத்தத்தில்தான் படுக்கிறேன். கம்பெனி லீவு விட்டால்தான் எனக்குத் தூக்கம் வராது. பொன்னேரியில் என்னைத் தூங்கவைத்தது நாடகம் இல்லை, நம் ஊர் ஃபேன். நாடகமும் தப்பில்லை அக்கா, இந்தத் தடவை இடமும் தப்பில்லை.

தட்டைத் தூக்கினேன். வெற்றிலை, பாக்கு, பூ, ஒரு தேங்காய். பார்க்கும்போது கனமாகத் தெரியவில்லை, நீ எப்படித்தான் அத்தனை வருஷம் தூக்கினாயோ. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. "கதைய சொல்லமாட்டேன். கடைசில பேச்சு நிக்கும். மைக் போவல, யாரும் கத்தாதீங்க. ஏழுமல, நீ மேல ஏறாத" என்றேன்.

"தூக்கம் வந்தா?" என்றான் சுகுமார், எல்லோரும் சிரிக்க.

"வந்தா தூங்கு. எந்த எடத்துல வந்துச்சின்னு எனக்கு வந்து சொல்லு."

நேற்றுச் சாயங்காலம் ஏழு மணிக்கெல்லாம் ஆரம்பித்துவிட்டார்கள். ஃப்ளெக்ஸை விரித்து நான் பொண்ணு மேல் உட்கார்ந்தேன். மாப்பிள்ளைப் பக்கத்தைக் காலியாக விடவேண்டும் என்றுதான் நினைத்து வந்தேன், உன் மரியாதைக்கு. முட்டி கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் காலை நீட்டி அவன் மீசை மேல் போட்டுக்கொண்டேன்.

கடைசியில் நாலு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஃபேன் சத்தம் திடல் பின்னாலிருந்து எழுந்து வந்தது. எத்தனையோ வருஷமாக அங்கேயே இருந்ததை நேற்றுத்தான் ஊரே கேட்டது. யாரோ ஒருத்தன் "மைக்..." என்று ஆரம்பித்தான், முடிக்கவில்லை. ஏழுமலை பாதி எழுந்து என்னைப் பார்த்தான், உட்கார்ந்துவிட்டான். கடலைக்காரன் சுருட்டிய காகிதத்தோடு நின்றான், அதற்குள் கடலையைப் போடவில்லை. மேடையில் பஸ் நின்றது. கேட் வந்தாயிற்று. நாலு பேரில் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. விளக்கு அணைந்தது.

விடிந்தால் அதே பஸ்ஸில் ஏறப்போகிற நம் ஊர்ப் பெண்களும் எழுந்திருக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்றும் யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வெறுமே உட்கார்ந்திருந்துவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு என்னவென்று புரியாமலே வந்து படுத்தேன். கம்பெனி ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தூக்கம் வரவில்லை.

இன்று காலை குழாயடியில், நம் தெருக் கோடி வீட்டு மருமகள், கண்ணெல்லாம் வீங்கியிருந்தது, குடத்தை ணங்கென்று வைத்தாள். "திருவிழான்னு வந்து குந்தனா இப்டியா ஆயா அழ வெப்ப? நல்ல நாளும் அதுவுமா?"

என் கைக்கு வந்த முதல் ஏச்சு. பாதியை வாங்கிக்கொள்ள நீ பக்கத்தில் இல்லை.

"எழுதனவ உசுரோடதான் இருக்கா, வள்ளூர்ல. போயி கேளு" என்றேன்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது உன் பேச்சு. குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள்தான் குழாயை மூடினாள்.