என் பெயரில் ஏறிய உன் அளவு

நேற்று தென்காசியில் தோள்பட்டைக்கு எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்தேன். படம் எடுக்கும் பெண் தன் பேட்ஜைச் சட்டையில் குத்தாமல் சுவரில் ஓர் ஆணியில் தொங்கவிட்டிருந்தாள். உடம்பில் கதிர்வீச்சு எவ்வளவு பட்டது என்று பிற்பாடு காட்டிக்கொடுக்கும் சின்ன பிளாஸ்டிக் வில்லை. நீயும் நானும் வருஷக்கணக்காக நெஞ்சில் மாட்டிக்கொண்டு அலைந்தோமே, அதேதான். "எம்மா, அத எடுத்து மாட்டு. கதிரு படுறது ஆணிமேலயா, ஒம்மேலயா?" என்று சத்தம் போட்டுவிட்டேன். அவள் மிரண்டுபோய் மாட்டிக்கொண்டாள். பாவம், அவள்மேல் என்ன கோபம்? நீ செத்து மூன்று மாதம் ஆகிறது. உன்மேல் இருக்கிற கோபத்தை இறக்கிவைக்க இடம் கிடைக்காமல் கண்டவர்கள்மேல் எரிந்து விழுகிறேன்.

ஒரே ஐ.டி.ஐ.யில் படித்து, வடக்கே ஒரு கடலோர அணுமின் நிலையத்தில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாம். லீவில் வந்தால் குற்றாலத்து டீக்கடையில் நமக்குத் தனி மரியாதை. குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிறவர்கள்கூட நம்மைச் சுற்றி நின்றுகொள்வார்கள். "அணுவ எப்படிண்ணே ஒடைக்காக?" "ராத்திரியில ஒங்க ஒடம்பு மின்னுமாமே, மெய்யா?" நீ சட்டைப் பொத்தானைக் கழற்றி, "லைட்ட அமத்துங்க, காட்டுதேன்" என்பாய். கடையே சிரிக்கும்.

நான்தான் வேலைமெனக்கெட்டு விளக்குவேன். யுரேனியத்தை விரல்நுனி அளவு வில்லைகளாக்கிக் குழாய்களில் அடுக்கியிருக்கும். அணு பிளந்தால் சூடு வரும். ஒன்று பிளந்தால் அது அடுத்ததைப் பிளக்கும். அந்த ஓட்டம் மிஞ்சிப் போகாமல் இருக்கக் கட்டுப்பாட்டுக் கோல்கள். சூட்டில் தண்ணீர் நீராவியாகும், நீராவி டர்பைனைச் சுற்றும், அது சுற்றினால் கரண்ட். டீ ஆற்றுகிறவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப வெந்நி போடுததுக்கா இம்புட்டுப் பாடு?" என்றார். "அம்புட்டுதாம் அண்ணாச்சி, இவன் சும்மா பெருசாச் சொல்லுதான்" என்று நீ அவர் பக்கம் சேர்ந்துகொண்டாய். அன்றைக்கு எனக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது.

உலைக் கட்டடத்து வாசலில் ஒரு பலகை இருக்கும். ஆளுக்கொரு இடம், பெயர் எழுதியிருக்கும். உள்ளே போகும்போது அவரவர் பேட்ஜை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும், வெளியே வந்தால் அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் அளந்து பார்ப்பார்கள். ஒருவர் வருஷத்துக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டினால் அந்த வருஷம் முழுக்க உள்ளே வேலை கிடையாது.

அந்த வருஷம் கன்ட்ரோல் ரூம் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். நீயும் எழுதியிருந்தாய், நானும் எழுதியிருந்தேன். அளவைத் தாண்டியவன் போக முடியாது. உலையை நிறுத்திப் பழுது பார்க்கும் சமயம் அது; நீ உள்ளேயே கிடந்து உழைத்ததில் உன் அளவு விளிம்புக்கு வந்திருந்தது. எனக்கு நிறைய மிச்சம் இருந்தது. மாதக் கடைசியில் அளந்தபோது என் பேட்ஜ் தாண்டியிருந்தது.

அதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். நான் அப்படி எந்த அறைக்கும் போகவில்லை என்றேன். நான் மேலே எதுவும் சொல்லுமுன், கூட வந்திருந்த நீ வாயைத் திறந்தாய். "இவன் ஒரு நா காலைல பேட்ஜ உள்ளயே விட்டுட்டு வந்துட்டான் சார். மத்தியானம் நாந்தான் பாத்து எடுத்துட்டு வந்து பலகையில வச்சேன். பெருசு பண்ண வேண்டாம்னு சொல்லல." எனக்கு அப்படி எதுவும் நினைவில்லை. ஆனால் ஒரு மாதத்துக்கு முந்திய காலைப்பொழுது யாருக்குத்தான் நினைவிருக்கும்? நீ பொய் சொல்வாய் என்று நினைப்பதைவிட, நான் மறந்துவிட்டேன் என்று நினைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. வெளியே வந்ததும் உன் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி வேறு சொன்னேன். அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

உன் சாட்சி என் கவனக்குறைவை உறுதிப்படுத்த மட்டும்தான் உதவியது. பேட்ஜ் காட்டியது உடம்பு வாங்கியது அல்ல என்று நிரூபிக்க முடியாதவரை அது அந்த ஆளின் கணக்குதான். அங்கே அதுதான் வழக்கம். நீ கன்ட்ரோல் ரூமுக்குப் போனாய். என்னைப் பார்வையாளர் கூடத்துக்கு அனுப்பினார்கள்; பேட்ஜை மறந்தவன் என்று பெயர் வந்த பிறகு மறுபடி உள்ளே எடுக்கவே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொம்மை உலையைக் காட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் சுற்றுலா பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் ஓய்வு பெறும்வரை அதே வெந்நீர்க் கதையைச் சொன்னேன். எல்லோரும் கடைசியில், "கன்ட்ரோல் ரூம பாக்கலாமா சார்?" என்று கேட்பார்கள். நானே பார்க்க முடியாத இடம் என்று அவர்களிடம் சொல்ல முடியுமா?

நீயோ அதைக் கல்யாணவீட்டுப் பந்திக் கதையாக்கிவிட்டாய். "நம்மாளு பேட்ஜ உலைக்குள்ள வேல பாக்க விட்டுட்டு, கேன்டீன்ல வடை தின்னுக்கிட்டு இருந்தாம்லே!" ஒவ்வொரு வீட்டு விசேஷத்திலும் சொன்னாய். நானும் சேர்ந்து சிரித்தேன். சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டேன். சட்டைப் பையை நாலு தரம் தடவிப் பார்க்காமல் வீட்டுப் படி இறங்காத ஆளாகிப்போனேன்.

போன சீசனில் பழைய குற்றாலத்தில், தலையில் எண்ணெய் வழிய வரிசையில் நின்றிருந்தோம். முன்னால் நின்ற யாரோ ஒருவரிடம் மறுபடியும் அந்தக் கதையைச் சொன்னாய். பிறகு என் பக்கம் குனிந்து சிரித்தாய். "அன்னைக்கு ஒன் பேட்ஜ மட்டும் நான் மாட்டிட்டுப் போகலன்னா கன்ட்ரோல் ரூமு எனக்கு ஏதுலே?"

"என்னலே சொல்லுத?" என்றேன்.

என் முகத்தைப் பார்த்ததும் உன் சிரிப்பு போய்விட்டது. "ஏலே, ஒனக்குத் தெரியும்னுல்லா இருந்தேன். தெரிஞ்சுதான் கூட்டாளிக்காக விட்டுக்குடுத்தன்னு… இத்தன வருசமா மனசுக்குள்ள ஒன்னக் கும்பிட்டுக்கிட்டுல்லா இருக்கேன்."

அதற்குள் உன் முறை வந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் தள்ள, நீ அருவிக்குள் போனாய். நான் குளிக்காமல், எண்ணெய்த் தலையோடு பஸ் ஏறி வீடு வந்தேன். மூன்று வாரம் போன் அடித்தாய். நான் எடுக்கவில்லை. அப்புறம் உன் நெஞ்சு நின்றுவிட்டது. சர்க்கரையும் பீடியும் செய்த வேலை என்றார் டாக்டர். ஊர் நம்பவில்லை. "அணுவுல வேல பாத்தா சும்மா விடுமா?" என்றது.

பதினாறாம் நாள் உன் வீட்டில், உன் மகளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையின் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடைக்காரர். "தப்பா நெனைக்காதீக அண்ணாச்சி. அவுக ஒடம்புல எதும் ஏறியிருக்குமோன்னு எங்க வீட்டுப் பொம்பளைக பயப்படுதாக. நாளைக்குப் பிள்ளகுட்டின்னு வரும்லா?"

உன் மனைவி காதில் அது விழுந்துவிட்டது. உன் அளவுச் சான்றுகளை அடுக்கி வைத்திருந்த ஃபைலைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். "பாருங்க, எங்க வீட்டுல அவுக ஒரு வருசங்கூட அளவத் தாண்டல. தாண்டுனது இந்த அண்ணாச்சிதான், பேட்ஜ விட்டுட்டு வடை திங்கப் போயி." துக்க வீட்டில் முதல்முறையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கதவோரம் நின்ற உன் மகளும் பார்த்தாள்.

நீ அளவை ஒரு தடவை தாண்டியதால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அதை ஆயிரம் பேருக்கு விளக்கியவன் நான். ஆனால் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு விளக்கம் காதில் ஏறாது. "தாண்டினார், மறைத்தார்" என்ற இரண்டு சொல் மட்டும்தான் ஏறும். உண்மையைச் சொல்லியிருந்தால் சம்பந்தம் அங்கேயே முறிந்திருக்கும். என் பெயர் சுத்தமாகியிருக்கும். ஒரே ஒரு வாக்கியம் போதும், அது என் நாக்கு நுனியில் இருந்தது.

"ஆமா, தாண்டுனது நாந்தான். அவனுக்கு எல்லா வருசமும் கம்மிதான்" என்றேன்.

அன்றைக்கு நீ வாங்கியது உன் உடம்போடு போய்விட்டது. எண் மட்டும் என் பெயரில் நிற்கிறது. முதல் தடவை நீ ஏற்றினாய், இரண்டாம் தடவை நானே ஏற்றிக்கொண்டேன். உன் மகளின் முகத்துக்காகச் செய்தேன், உனக்காக இல்லை. தை மாதம் கல்யாணம். பந்தியில் யாராவது வடைக் கதையை எடுப்பார்கள், நானும் சிரிப்பேன். வாயைத் திறக்காததால் நான் பொறுத்துக்கொண்டேன் என்று நீயாக நினைத்துக்கொண்டு முப்பது வருஷம் நிம்மதியாக இருந்துவிட்டாய். அதனால் இந்த முறை எழுதியே வைக்கிறேன்: நான் உன்னை மன்னிக்கவில்லை.