கீழ்நோக்கிய காந்தப்புலம்

இன்று மதியம் என் போன் என்னை எட்டு போடச் சொன்னது. சக்குபள்ளத்தில் எங்கள் வீட்டு மாடியில் சோலார் தகடு வைக்க வேண்டும், தெற்கு எது என்று பார் என்றான் அண்ணன். இரும்பு மேசைமேல் போனை வைத்துத் திசைகாட்டியைத் திறந்தேன். முள் கிறுக்குப் பிடித்துச் சுற்றியது. போனைக் கையில் பிடித்துக் காற்றில் எட்டு வரையும்படி திரையில் வந்தது. வரைந்தேன், நினைவில் நீ வந்து நின்றுவிட்டாய். பாலக்காட்டில் ஸ்கூட்டர் லைசென்ஸுக்கு எட்டு போடப் போய், காலை ஊன்றித் தோற்றுவிட்டு, "கம்பியெல்லாங் கோணலா நட்டிருக்கறாங்க புள்ள" என்று வந்து சொன்னவள் அல்லவா நீ!

ஆய்வுக்கூடம் இல்லாமல் என்ன ஆராய்ச்சி என்று கேட்காதவர்கள் கிடையாது. கணக்குப் போட்டே இயற்பியல் செய்யும் நமக்கு ஓர் அறை, ஒரு கரும்பலகை, சாக்பீஸ், அவ்வளவுதான். எலக்ட்ரானின் ஸ்பின் ஒரு குட்டிக் காந்தம். அதில் தகவலைச் சேமித்து நினைவகமாக வைத்தால் அக்கம்பக்கத்துச் சலசலப்பு எதுவும் அதைத் தொடக் கூடாது. உணர்கருவியாக வைத்தாலோ, மிக மெல்லிய காந்தப்புலமும் அதற்குத் தெரிய வேண்டும். நீ நினைவகத்தின் கட்சி, நான் உணர்கருவியின் கட்சி. "எல்லாத்துக்கும் பதறிட்டே இருந்தா எதைப் புள்ள ஞாபகம் வெச்சுக்கறது?" என்பாய். ஸ்பின்னைச் சொல்கிறாயா என்னைச் சொல்கிறாயா என்று எனக்கு எரிச்சல் வரும்.

ஒரு கணக்கை இருவரும் தனித்தனியாக, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் போட வேண்டும் என்பது நம் விதி. உலகமே காந்தப்புலத்தை மேல்நோக்கி வைத்துத் தொடங்கும். நீ மட்டும் கீழ்நோக்கி வைப்பாய். "ஏட்டி, எல்லாரையும் மாதிரி மேல போட்டா குறைஞ்சா போயிருவ?" என்று கேட்டால், "எங்கூரு வடகரப்பதில மழை கீழதான் வருது, புலமும் கீழயே வரட்டும்" என்பாய். உன் பிளஸ், மைனஸ் குறிகளெல்லாம் என் குறிகளுக்கு நேர்மாறாக இருக்கும். அதையும் தாண்டி விடை ஒத்துவந்தால் கேன்டீனில் டீயும் பழம்பொரியும். வராவிட்டால், என் தாளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மறுக்கா போடு புள்ள" என்பாய். பெரும்பாலும் தப்பு என்னுடையதாகவே இருந்தது. அதுதான் இன்னும் ஆத்திரம்.

நம் கடைசிக் கட்டுரைக்கும் அப்படித்தான் டீ குடித்தோம். பள்ளி ஓட்டப் பந்தயத்தில் பாதியில் விசில் ஊதி எல்லோரையும் திரும்பி ஓடச் சொன்னால், முந்தியவனும் பிந்தியவனும் ஒரே நேரத்தில் தொடங்கிய கோட்டுக்கு வந்து சேர்வார்கள். கலைந்துபோன ஸ்பின்களை அப்படித் திருப்பிச் சேர்த்துவிட்டால் நினைவு அழியாது என்று எழுதினோம். அவரவர் வேகம் இடையில் மாறாது என்பது உன் அனுமானம். என் கணக்கிலும் அதையே வைத்திருந்தேன். குறிகளை மாற்றி மாற்றிச் சரிபார்த்த நாம் அடியில் இருந்ததைச் சரிபார்க்கவில்லை.

பிறகு உனக்குத் தலைவலி வந்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துவிட்டு வெளியே வந்து, "என்ர ஒடம்புல இருக்கற புரோட்டானையெல்லாம் திருப்பித் திருப்பிப் போட்டாங்க. நம்ம கட்டுரைய எம்மேல ஓட்டிப் பாத்தாப்பல இருந்துச்சு" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த மழைக்காலத்துக்கு நீ இல்லை.

கட்டுரையைப் படித்த ஆய்விதழ் மதிப்பீட்டாளர் இப்போது கேட்கிறார்: வேகம் உண்மையிலேயே மாறாதா? போட்டுப் பார்த்தேன். மாறுகிறது. நாம் சொன்னதைவிட வெகு முன்னாலேயே நினைவு கரைந்துவிடுகிறது. பதில் நாளைக்குள் போக வேண்டும். திருத்தினால் நீ சாதித்தது என்று எல்லோரும் நம்பும் முடிவு விழும். திருத்தாவிட்டால் உன் பெயரில் ஒரு பொய் நிற்கும். உன்னைக் கேட்காமல் எப்படிச் செய்வது? ஒரு வாரமாக அடுக்களைக்கும் வாசலுக்கும் நடக்கிறேன். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

சாயங்காலம் உன் அம்மாவைக் கூப்பிட்டேன். "என்ர புள்ள பேரு வந்துருமா கண்ணு?" என்றுதான் முதலில் கேட்டார்.

"வரும்மா. ஆனா ஒரு இடத்துல நாங்க ரெண்டு பேருமே தப்பா நினைச்சுட்டோம். திருத்துனா, அவ பெருசாச் சொன்ன விசயமே போயிரும்."

போனில் உங்கள் ஆடு கத்தியது கேட்டது.

"அவ இருந்தா ஒத்துக்குவாளா கண்ணு?"

"எங்க ஒத்துக்கிடுவாம்மா? திரும்பப் போடுன்னு சொல்லுவா."

"அப்பறம் என்ன? மறுக்கா போடு."

போனை வைத்துவிட்டு அழுதேன். பிறகு இரும்பு மேசையில் உட்கார்ந்து உன் பங்கை நான் போட்டேன், உன் வழியில், புலத்தைக் கீழ்நோக்கி வைத்து. குறிக்குக் குறி உன்னைத் திட்டினேன். என் புது விடையோடு ஒத்துவந்துவிட்டது. நாம் தப்புதான். அதை எழுதி நாளைக் காலை அனுப்பிவிடுவேன், உன் பெயர் முதலில் இருக்கும்.

விதிப்படி இப்போது டீ குடிக்க வேண்டும். என் அம்மா ஏலக்காய் தட்டிப் போட்டு வைத்த டீ ஆறிக்கொண்டிருக்கிறது. உன்னோடு சண்டை போட ஒரு நல்ல கணக்கு கிடைத்திருக்கிறது, நீ இல்லையே என்று கோபமாக வருகிறது. இனி எதைப் போட்டாலும் இரண்டு தடவை போடுவேன். ஒரு தடவை புலத்தை மேல்நோக்கி வைத்து. மறுக்கா, கீழ்நோக்கி.